அப்பா கேட்ட மைலேஜ்

கையில் இருந்தது 8000 ரூபாய் மக்களே. சேந்தமங்கலத்தில் ஒரு முட்டைக் கடைக்கு ராத்திரியில் டேலி போட்டுச் சேர்த்த காசு. சேலத்தில் பழைய ஆர்எக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்டு ஒன்று 6000-க்குப் படிந்தது. 8 ஜிபி! 2022 செப்டம்பரில் எதீரியம் மைனிங் நின்றதும் இந்த மாதிரி கார்டுகள் நிறைய விலைக்கு வந்தன. இதுவும் அப்படி ஓடித் தேய்ந்ததாக இருக்கலாம், போகட்டும் என்று கிளம்பிவிட்டேன்.

அப்பா லாரி டிரைவர். "அது கெடக்கட்டும் சாமி, மைலேஜ் எவ்வளவு?" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் தேடிப் பார்த்தேன். 185 வாட். என்னுடையது ஆபீசில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர். அதன் எஸ்எம்பிஎஸ் மொத்தமே 240 வாட். கார்டுக்குத் தனி பவர் ஒயரும் அதில் இல்லை. புது எஸ்எம்பிஎஸ் சேர்த்தால் பட்ஜெட் காலி. (காஸ்ட் அக்கவுண்டிங் படிக்கிறவன் நான். வெளியே சொல்லிவிடாதீர்கள்.)

கடைசியில் எடுத்தது 2019-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1650, அதுவும் பழையதுதான். 4 ஜிபி, 75 வாட். தனி ஒயர் கேட்காத மாடல், மதர்போர்டு ஸ்லாட்டில் வரும் கரண்டே போதும். புது கேம் என்றால் செட்டிங்கைக் குறைத்துத்தான் ஆட வேண்டும், வயிற்றெரிச்சல் இல்லாமல் இல்லை. யூரோ டிரக் சிமுலேட்டர் 2 ஜம்மென்று ஓடுகிறது. பின்னால் நின்று பார்த்த அப்பா, எனக்கு ரிவர்ஸ் எடுக்கவே தெரியவில்லை என்கிறார்.