டோலக் வாசித்த தம்பி

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். ஜெப வீட்டில் காகிதத் தோரணங்களை இன்னும் இறக்கவில்லை. காலை ஆராதனைக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தோம். கடல் ஊருக்குள்ள பூந்துடுச்சு என்று யாரோ கத்தினார்கள். அப்புறம் ஓட்டம், அழுகை, பிள்ளைகளின் பேரைச் சொல்லிக் கூப்பிடும் குரல்கள். மதியத்துக்குள் பழவேற்காடு ஏரியின் கடல்பக்கக் குப்பங்களிலிருந்து படகிலும் நடந்தும் தப்பி வந்த சனம், ஆரம்பாக்கம் பக்கத்திலிருந்த எங்கள் சின்னக் கட்டடத்தை நிறைத்துவிட்டது.

அந்த வாடை எனக்கு இன்றும் மறக்கவில்லை. சேறு, டீசல், ஈரச் சேலை, பயந்த குழந்தைகளின் மூத்திரம், அதற்கு நடுவே அண்டாவில் கொதித்த கஞ்சி. எந்த ஊர், எந்த சாமி என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் போதகர் தன் வீட்டுப் போர்வைகளையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

அன்றைக்கு அவனுக்குப் பதினாறு வயது. பெயரைச் சொல்லமாட்டேன், எனக்கு அவன் தம்பி மாதிரி. சபையில் டோலக் வாசிப்பான். ஆழமில்லாத ஏரியில் கோல் ஊன்றிப் படகைத் தள்ளிக்கொண்டு, இருட்டும்வரை போய்ப் போய் ஆட்களை ஏற்றி வந்தான். நடக்க முடியாத ஒரு பாட்டியை முதுகில் சுமந்து வந்து பாயில் கிடத்தினான். அவன் முகத்தில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. பல் மட்டும் வெள்ளையாகத் தெரிய, "அக்கா, கஞ்சி மிச்சம் இருக்குதா?" என்று கேட்டான். கேட்டது பாட்டிக்கு.

இப்போது அவன் சென்னையில் இருக்கிறான். நடுவில் ஓர் இரவு இருக்கிறது.

2013-இல் வீட்டில் பெண் பார்த்தார்கள். வேண்டாம் என்றான். ஏன் என்று அம்மா விடாமல் கேட்டதில், தன் மனசு ஆண்பிள்ளைகள் பக்கம்தான் போகிறது, சின்ன வயசிலிருந்தே அப்படித்தான் என்று சொல்லிவிட்டான். அந்தத் தாய்க்கு வேறு போக்கிடம் ஏது? போதகரம்மாவிடம் ஜெபக் குறிப்பாகக் கொடுத்தாள். எங்கள் சபைகளில் ஜெபக் குறிப்பு ஒரு வாரத்தில் ஊர்ப்பேச்சாகிவிடும்.

அந்த டிசம்பர் 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவு செல்லும் என்றது. 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம் கொடுத்திருந்த விடுதலை போயிற்று. வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்துப் பிரசங்கித்தார். அதே நாட்களில்தான் மும்பையில் கர்தினால் ஆஸ்வால்டு கிரேசியஸ், தன்பால் ஈர்ப்புள்ளவர்களைத் திருச்சபை ஒருபோதும் குற்றவாளிகளாகக் கருதியதில்லை என்று சொன்னார். ஒரே பாலினத் திருமணத்தை ஏற்காதவர்தான் அவரும். அந்தப் பேச்சு எங்கள் ஏரிக்கரைவரை வரவில்லை.

முழு இரவு ஜெபம் வைத்தார்கள். அவனை நடுவில் முழங்கால் போட வைத்தார்கள். ஜன்னலைச் சாத்தினார்கள், எண்ணெய் பூசினார்கள், தலையில் கைகள், தோளில் கைகள், போ போ வெளியே போ என்று கத்தல், டிரம்ஸ் சத்தம், அவன் இருமினான், பிசாசு இருமுது என்றார்கள், இன்னும் அழுத்தினார்கள், குப்புற விழுந்தான், தூக்கி நிறுத்தினார்கள், திரும்பவும். சுவரோரம் அவன் அம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு நின்றாள். நானும் இன்னொரு அம்மாவும் கூட்டத்தைப் பிளந்து போய் அவன் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தோம். நெற்றியிலிருந்து எண்ணெய் கண்ணில் வழிந்தது. ஏரியிலிருந்து குளிர்ந்த காற்று வீசியது. "இயேசப்பாவுக்கு என்னைத் தெரியும்ல அக்கா?" என்றான்.

அவனைச் சபையிலிருந்து நீக்கியதாக யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. டோலக் வேறொரு பையன் மடிக்குப் போயிற்று. மாத முதல் ஞாயிறு இராப்போஜனத்தில் அப்பத் தட்டு அவனைத் தாண்டிப் போயிற்று. ஏரியில் எந்த இடத்தில் என்றைக்கு யார் வலை போடுவது என்று முறை வைக்கும் 'பாடு' வழக்கத்தில் அவனுடைய முறையை ஊர் பறிக்கவில்லை. இறால் விற்ற காசில் அவன் அம்மா தசமபாகம் கொண்டுபோனாள், வாங்கிக்கொண்டார்கள். அன்றுதான் அவள் வாய் திறந்தாள்: "எம்புள்ள புடிச்ச இறா காசு ஆவுது, எம்புள்ள ஆவாதா ஐயா?"

பதில் வரவில்லை. அவன் ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் ரயில் ஏறிவிட்டான்.

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், மனமொத்த பெரியவர்களின் தன்பால் உறவு குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது. சாயங்காலம் போன் செய்தான். அவன் கேட்டது ஒன்றுதான்: "சபையில இன்னா சொன்னாங்கக்கா?" சபையில் ஒன்றுமே சொல்லவில்லை. குற்றம் என்று வந்த தீர்ப்பு பிரசங்கமானது. குற்றமில்லை என்று வந்த தீர்ப்பு ஓர் அறிவிப்பாகக்கூட ஆகவில்லை.

தம்பி போன்றவர்களுக்கு வேதத்தில் இடமில்லை என்பவர்களிடம் நான் அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரத்தைத்தான் காட்டுவேன். அதில் வரும் எத்தியோப்பிய மந்திரி ஓர் அண்ணகர், அதாவது ஆண்மை நீக்கப்பட்டவர். பழைய நியாயப்பிரமாணம் அப்படிப்பட்டவரைச் சபைக்கு வெளியே நிறுத்தியது. வழியில் தண்ணீரைக் கண்டதும், ஞானஸ்நானம் பெற எனக்கு என்ன தடை என்று அவரே கேட்டார். அவருக்கு வேதத்தை விளக்கிவந்த பிலிப்பு அவரோடு தண்ணீரில் இறங்கினார். இது நம் நாட்டில் நடக்காது என்றும் சொல்லாதீர்கள். செங்கல்பட்டு பக்கத்து நத்தத்தில் பாரதி என்ற திருநங்கை இறையியல் படித்து, இந்திய சுவிசேஷத் திருச்சபையின் (இ.சி.ஐ.) போதகராகவே நின்றார். திருநங்கையின் வழி வேறு, என் தம்பியின் வழி வேறு என்று எனக்குத் தெரியும். கதவு ஒன்றுதான். கத்தோலிக்கத் திருச்சபையும் 2023 டிசம்பர் 18 அன்று, ஒரே பாலின இணையர்களின் சேர்க்கையைத் திருமணமாக ஏற்காமலேயே, குருக்கள் அவர்களை ஆசீர்வதிக்கலாம் என்று அறிவித்தது. அந்த மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் அடித்திருந்தது. புயலன்றும், கடல் புகுந்த அன்று போலவே, யார் எவர் என்று கேட்காமல் எங்கள் ஜெப வீட்டில் கஞ்சி காய்ச்சினோம்.

அவனோடு இப்போது ஒருவர் வாழ்கிறார். சாந்தமான மனிதர், என்னை அக்கா என்பார். அவன் அம்மா கிறிஸ்துமஸுக்கு இறால் தொக்கு செய்து எடுத்துக்கொண்டு அங்கேதான் போகிறாள்.

2021-இல் ஒருவரையொருவர் காதலித்த இரண்டு பெண்களின் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தன்பால் ஈர்ப்பைப் பற்றித் தனக்குச் சரியான புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் நிபுணர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகுதான், தன்பால் ஈர்ப்புள்ளவர்களை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடை செய்து உத்தரவிட்டார்.

போதகர் ஐயாமார்களே, ஒரு நீதிபதியால் முடிந்தது உங்களாலும் முடியும். ஒரு சாயங்காலம் இவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள். தலையில் கை வைக்காதீர்கள், எண்ணெய் எடுக்காதீர்கள், கேளுங்கள். அடுத்த முதல் ஞாயிறு அப்பத் தட்டை அவர்களுக்கும் நீட்டுங்கள்.