பேருக்கு ரெண்டு பக்கமும் கோடு

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு, ஆணி அதிகம். (ஜெர்மனில முதுகலை படிக்கிறவனுக்கு அப்படி என்ன ஆணின்னு கேக்கப்படாது. சமையலும் நாமளே, பாத்திரம் கழுவுறதும் நாமளே, நடுவுல குரூப் ப்ராஜெக்ட் வேற.)

அந்த குரூப் ப்ராஜெக்ட்ல நான் பண்ணின ஒரு கூத்தைத்தான் சொல்லப் போறேன்.

எங்க ப்ராஜெக்ட் சமாச்சாரம் எல்லாம் ரெட்மைன்ல. யார் என்ன செய்யணும்ங்கிற டிக்கெட்டும், செஞ்சதை எழுதி வைக்கிற விக்கியும் ஒரே இடத்துல. எங்க யுனிவர்சிட்டி ரெட்மைன்ல எழுத்தை அலங்காரம் பண்ண டெக்ஸ்டைல்தான். டீன் ஆலன்ங்கிறவர் 2002-ல் கொண்டு வந்தது. வார்த்தைக்கு ரெண்டு பக்கமும் நட்சத்திரம் போட்டா தடிச்ச எழுத்து, கீழ்க்கோடு போட்டா சாய்ஞ்ச எழுத்து. அஞ்சு நிமிஷத்துல படிச்சிடலாம். நானும் அஞ்சு நிமிஷம்தான் படிச்சேன். வினையே அங்கதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இணைப்பு கொடுக்கிற விதம். ரெண்டு சதுர அடைப்புக்குறிக்குள்ள [[சோதனை]]ன்னு எழுதினா போதும், அந்தப் பேர்ல இருக்கிற பக்கத்துக்கு இணைப்பு ரெடி. பக்கமே இல்லைன்னா சிவப்பா தெரியும். அதைச் சொடுக்கினா, "வா ராசா, நீயே எழுது"ன்னு காலிப் பக்கம் திறக்கும். 1995-ல் வார்டு கன்னிங்ஹாம் ஆரம்பிச்ச முதல் விக்கியில அடைப்புக்குறி கிடையாது. ரெண்டு வார்த்தையை ஒட்டி, ஒவ்வொண்ணுக்கும் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தா போட்டாலே இணைப்பாயிடும். நம்ம தமிழ்ல பெரிய எழுத்து, சின்ன எழுத்து ஏது? அந்த முறையே நிலைச்சிருந்தா நம்ம கதி அதோகதி. சும்மா பரிசோதனைக்கு [[மிளகு ரசம்]]னு போட்டுப் பார்த்தேன். சிவப்பா வந்துச்சு. உள்ள போயி நாலு வரி எழுதி சேமிச்சதும் சிவப்பு போயிடுச்சு. புரொபசர் கண்ணுல படறதுக்குள்ள அழிச்சிட்டேன் :-)

முதல் அடி மீட்டிங் குறிப்புல விழுந்துச்சு. பேசினதை #1, #2, #3ன்னு நம்பர் போட்டு எழுதினேன். ரெட்மைனுக்கு # பக்கத்துல எண் வந்தா அது டிக்கெட். வரிசைப் பட்டியல் வேணும்னா #க்கு அப்புறம் ஒரு இடைவெளி விடணும், நம்பரை அதுவே போட்டுக்கும். டிக்கெட் நம்பர் வேற எல்லா ப்ராஜெக்டுக்கும் சேர்த்து ஒரே வரிசை. என்னோட #1 யாரோ எப்பவோ முடிச்ச டிக்கெட்டுக்குப் போய் நின்னுச்சு. முடிஞ்ச டிக்கெட் நம்பரை ரெட்மைன் குறுக்கால அடிச்சுக் காட்டும். நாங்க அன்னைக்குத்தான் பேச ஆரம்பிச்ச விஷயமெல்லாம் ஏற்கனவே முடிஞ்சு போன மாதிரி ஜம்முனு இருந்துச்சு. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன்.

அடுத்ததுக்கு யாரும் சிரிக்கலை.

ஆரம்பத்துல நாங்க அஞ்சு பேர். மூணாவது வாரம் ஒருத்தன் படிப்பையே விட்டுட்டுப் போயிட்டான். விக்கி முகப்புல இருந்த குழுப் பட்டியல்ல அவன் பேரை அழிக்காம, குறுக்கால ஒரு கோடு மட்டும் அடிச்சு வச்சுட்டார் எங்க குரூப் ஜெர்மன்காரர். ஆக, எங்க விக்கியில பேர் மேல கோடு இருந்தா ஆள் அவுட்டுன்னு அர்த்தம்.

இங்க குரூப் வேலைன்னாலும் மார்க் தனித்தனி. எந்தப் பகுதியை யார் எழுதினதுன்னு தெளிவா காட்டணும். கூட இருந்த வியட்நாம் பொண்ணு டேட்டாபேஸ் பகுதியை ஒத்தையா உக்காந்து எழுதியிருந்தா. அதிகம் பேச மாட்டா, ஆனா வேலை சுத்தம். பேர் போடாம விட்டிருந்தா. சரி, நாமளாவது போட்டு விடுவோம்னு ராத்திரி பன்னெண்டு மணிக்கு எனக்கு நல்ல மனசு வந்துச்சு. நம்மூர் பத்திரிகையில கட்டுரை முடிவுல எழுதினவர் பேரை ரெண்டு சின்னக் கோட்டுக்கு நடுவுல போடுவாங்கல்ல? அதே பழக்கத்துல, அவ பேருக்கு முன்னாடி ஒரு கோடு, பின்னாடி ஒரு கோடு, இடைவெளி இல்லாம. சேமிச்சேன், படுத்துட்டேன். முன்னோட்டம் பாக்கிறதெல்லாம் நம்ம பரம்பரையிலேயே கிடையாது.

டெக்ஸ்டைல்ல அதுக்கு என்ன அர்த்தம்னு உங்கள்ல பாதிப் பேருக்கு இந்நேரம் தெரிஞ்சிருக்கும். குறுக்குக் கோடு.

ரெண்டு நாள் கழிச்சுப் பார்த்தா அங்க அவ பேரே இல்லை. அவளே எடுத்திருந்தா. கூச்ச சுபாவம் போலன்னு நினைச்சு, திரும்பவும் போட்டு விட்டேன். அதே ரெண்டு கோட்டோட. அவ்வ்வ்வ்.

அடுத்த மீட்டிங் முடிஞ்சு எல்லாரும் போனதும் என்கிட்ட வந்தா. "நான் எழுதினதுல என்ன தப்பு? பிடிக்கலைன்னா நேரா சொல்லு. நான் குரூப்ல வேண்டாமா?" குரல் லேசா நடுங்குச்சு. எனக்கு ஒண்ணும் புரியலை. உன் பேரைப் போட்டதே நான்தானேன்னு சொல்லி, பக்கத்தோட வரலாற்றைத் திறந்து ரெண்டு பதிப்பையும் ஒப்பிட்டுக் காட்டினேன். பச்சை நிறத்துல அவ பேரு, ரெண்டு பக்கமும் அப்பாவியா ரெண்டு கோடு. பாரு, மரியாதையா போட்டிருக்கேன்னேன். அவ ஒண்ணும் பேசலை. மவுஸை வாங்கி, அதே பதிப்பைப் பக்கமா திறந்தா. பேர் நடுவுல கோடு.

ஒப்பிட்டுக் காட்டுற இடத்துல தட்டினது தட்டின மாதிரியே தெரியும். பக்கத்துலதான் அது கோலம் மாறும். நான் அங்கேயே பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன், அவ இங்க பார்த்திருக்கா. ஒரு வாரமா.

நம்மூர் பத்திரிகை வழக்கத்தை விளக்கறதுக்குள்ள நாக்கு தள்ளிடுச்சு. கடைசில செல்லுல ஒரு பழைய வார இதழ் பக்கத்தைத் தேடி எடுத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தா. அப்புறம், "அப்ப இந்த ஆள் செத்துப் போகலையா?"ன்னா. ரெண்டு பேரும் சிரிச்சுட்டோம். ஆனா அந்த ஒரு வாரம் அவ தூங்கினாளான்னு கேக்க எனக்குத் தைரியம் வரலை.

இப்ப பேரை பத்தியோட வலது ஓரத்துல தள்ளிப் போடுறோம். வரி ஆரம்பத்துல பி, அடுத்து >, ஒரு புள்ளி, ஒரு இடைவெளி. பார்க்கவும் லட்சணமா இருக்கு. மார்க்டவுன் இருந்திருந்தா இந்த வம்பே வந்திருக்காதுன்னு ஜெர்மன்காரர் சொன்னார். குறுக்குக் கோடுக்கு ரெண்டு ரெண்டு அலைக்குறி போடணுமாம், தெரியாம எல்லாம் போட்டுட முடியாதாம். சொல்லுவார், அவருக்கென்ன.

போன வாரம் நான் எழுதின சோதனைப் பகுதியைத் திறந்தா, அடியில என் பேரு, நட்ட நடுவுல கோடு. வரலாற்றுல போய்ப் பார்த்தேன். மாற்றம் செஞ்சது அந்தப் பொண்ணுதான். குறிப்புப் பெட்டியில "தமிழ் ஸ்டைல்"னு எழுதி ஒரு ஸ்மைலி. ரசிச்சேன், அப்படியே விட்டு வச்சேன்.

நேத்து புரொபசர்கிட்ட இருந்து மெயில். நீங்க எப்ப குரூப்பை விட்டுப் போனீங்கன்னு கேட்டிருக்கார். பதில் எழுதணும், வர்றேன்.