பத்தரை மணிக்குச் சூரியன் மறையும்... அதற்குப் பிறகுதான் பறவை வரும்!

இரவு 10 மணி. ஷெட்லாந்தின் சாண்ட்விக் கிராமத்துப் படகுத்துறைக்கு ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள். உடம்பில் தடித்த கோட்டு, காதை மூடிய கம்பளிக் குல்லா. பையில் டார்ச் இருக்கிறது, எடுக்க அவசியமில்லை. சூரியன் இன்னும் மறையவில்லை. எதிரே கடலுக்கு நடுவில் மூசா தீவு பளிச்சென்று தெரிகிறது. கரையோரப் புல்வெளியில் செம்மறி ஆடுகள் இன்னமும் மேய்ந்துகொண்டிருக்கின்றன.

ஷெட்லாந்து, ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள தீவுக்கூட்டம். அபர்தீன் துறைமுகத்தில் மாலை கப்பலேறினால் மறுநாள் காலையில் போய்ச் சேரலாம். ஜூன் 21 வாக்கில் அங்கே சூரியன் உதிப்பது அதிகாலை 3.40 மணிக்கு; மறைவது இரவு 10.35 மணிக்கு. பகல் மட்டும் ஏறத்தாழ 19 மணி நேரம்.

மறைந்த பிறகும் இருட்டு வந்துவிடாது. தமிழ்நாட்டில் சூரியன் ஏறக்குறைய நேராகக் கீழே இறங்குவதால், மறைந்த சிறிது நேரத்தில் இருட்டிவிடும். 60 டிகிரி வடக்கில் இருக்கும் ஷெட்லாந்தில் அது சரிவாக, அடிவானத்தை உரசிக்கொண்டே இறங்குகிறது. நடு இரவில்கூட அடிவானத்துக்குக் கீழே ஆறரை டிகிரி அளவுக்குத்தான் போகிறது. அதனால் வடக்கு வானம் விடிய விடிய மங்கலாக வெளுத்தே இருக்கும். இந்த வெளிச்சத்துக்கு அந்த ஊர் மக்கள் வைத்த பெயர் ‘சிம்மர் டிம்’.

சுவருக்குள் குடித்தனம்

இந்த நேரத்தில் படகு கிளம்புவதற்குக் காரணம் ஒரு சிறு பறவை. பெயர் ‘ஸ்டார்ம் பெட்ரல்’. சிட்டுக்குருவி அளவுதான், எடை சுமார் 25 கிராம். குளிர்காலத்தை ஆப்பிரிக்காவின் தென்பகுதிக் கடலில் கழித்துவிட்டு, முட்டையிட மட்டும் வடக்கே வருகிறது. மூசாவில் மட்டும் 10,000 ஜோடிகளுக்கு மேல் கூடு வைத்திருப்பதாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள்.

அங்கே சுமார் 2,000 வருடங்களுக்கு முன்பு கட்டிய வட்டக் கல்கோட்டை ஒன்று 13 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. சுண்ணாம்பு, சாந்து எதுவும் இல்லை. கல் மேல் கல் அடுக்கியதுதான். அந்தக் கல் இடுக்குகளில் இந்தப் பறவை ஒரே ஒரு முட்டையிட்டுச் சுமார் 40 நாள் அடைகாக்கிறது. தீவில் 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை விவசாயக் குடும்பங்கள் இருந்தன. அவர்கள் வயலைச் சுற்றி அடுக்கி வைத்த வேலிச் சுவர்களும் இன்று பறவைகளுக்கு வீடு. ஆள் போய்விட்டாலும் ஆடு மேய்ச்சல் தொடர்கிறது.

ஆணும் பெண்ணும் முறைவைத்து அடைகாக்கும். ஒன்று கூட்டில் இருக்க, மற்றொன்று கடலில் இரை தேடும். முறை மாற வேண்டுமென்றால் கரைக்கு வந்தாக வேண்டும். வெளிச்சத்தில் வந்தால் கடற்காக்கையும் ஸ்குவாவும் அடித்துத் தின்றுவிடும். தரையில் நடக்கவும் அதற்குச் சரியாக வராது. ஆகவே இருட்டுக்காகக் கடலிலேயே காத்திருக்கும். ஜூனில் அந்த இருட்டு சில மணி நேரம்தான்.

எந்த நாளில் போவது?

பயணத்தைத் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் சூரியன் மறையும் நேரத்தைத்தான் பார்க்கிறார்கள். அது மட்டும் போதாது. மேகமில்லாத நிலா இரவு பார்க்க அழகு. பறவைக்கு அது ஆபத்து. வெளிச்சம் அதிகமான இரவில் தாமதித்து, குறைவாகத்தான் வரும். மேகம் மூடிய இரவில் சீக்கிரமே வந்துவிடும். ஆக, வானம் மூட்டமாக இருக்கிறதே என்று பயணத்தை ரத்து செய்வது தவறு. காற்று பலமாக இருந்தால் மட்டும் படகு போகாது. அதனால் ஒரே நாளை நம்பாமல், மாற்று நாள் ஒன்றையும் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

படகு இரவு 10.30 வாக்கில் கிளம்பும். கால் மணி நேரத்தில் தீவு. அங்கிருந்து மேடுபள்ளமான கரையோரமாகக் கோட்டை வரை நடை. ஈரம் தாங்கும் பூட்ஸ் கட்டாயம். திரும்ப நள்ளிரவு தாண்டிவிடும் என்பதால், வாகனத்தையோ பக்கத்தில் தங்குமிடத்தையோ முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். டார்ச்சைத் தரையை நோக்கி மட்டும் அடிக்கலாம். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுப்பதோ, கல் இடுக்கில் கைவிடுவதோ கூடாது. எலி இல்லாத தீவு என்பதால்தான் இந்தப் பறவைகள் பிழைத்திருக்கின்றன. மூட்டையில் ஒளிந்து ஒரு எலி ஜோடி கரையேறினாலும் கூடுகள் காலியாகும். படகேறும் முன் பையை ஒருமுறை உதறிப் பார்ப்பது நல்லது.

பதினொன்றரை மணி தாண்டுகிறது. சுவருக்குள்ளிருந்து பூனை உறுமுவதுபோல ஒரு சத்தம். நடுவில் விக்கல் மாதிரி ஒரு வெட்டு. அடைகாக்கும் பறவைதான். அடுத்த நிமிடம் தலைக்கு மேலே வௌவால்போல ஏதோ சுழல்கிறது. பிறகு பத்து, பிறகு எண்ண முடியாத அளவுக்கு. ஒவ்வொன்றும் ஒரே மாதிரித் தெரியும் ஆயிரம் இடுக்குகளில் தன் இடுக்கைக் கண்டுபிடித்து உள்ளே நுழைகிறது. அங்கே பசியோடு காத்திருந்த துணை வெளியேறி, கடலை நோக்கிப் பறக்கிறது.

படகு திரும்பும்போது வடக்கே அடிவானம் சிவந்தே இருக்கிறது. இன்னும் மூன்று மணி நேரத்தில் சூரியன் வந்துவிடும். அதற்குள் முறை மாறிய பறவைகள் அத்தனையும் கரையை விட்டுப் போயிருக்க வேண்டும்.