கொண்டை சிவக்கும் வரை

கோழி வளர்ப்போர் யாவரும் பொறுமைசாலிகள் என்று நேயர்கள் எண்ணிவிடுதல் வேண்டா. குஞ்சு வாங்கும் நாளில் நிறைந்திருக்கும் பொறுமை ஐந்தாம் மாதத்தில் குறையத் தொடங்குகின்றது. ஏழாம் மாதத்திலோ கண் தானாகவே குழம்புச் சட்டியின் பக்கம் திரும்புகின்றது. உச்சமுனையில் எமது இல்லத்திலும் அதுவே நிகழ்ந்தது.

மேற்கே பெருங்கடலும் கிழக்கே புத்தளம் களப்புமாக, இரு நீருக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணற்றிட்டு எமது ஊர். ஒரு பொருள் வாங்கவேண்டுமாயின் கற்பிட்டிக்குப் படகேற வேண்டும். அரிசியும் மாவும் அலையைப் பொறுத்துக்கொள்ளும், முட்டை பொறுக்குமா? சோளகக் காற்று வீசும் மாதங்களில் பத்து முட்டை வாங்கினால் வீடு வந்து சேர்வன ஏழோ எட்டோதான். அதன்மேல் 2022 ஆம் ஆண்டு வந்தது. நாட்டில் அந்நியச் செலாவணி வற்றியது. கோழித் தீவனம் அரிதாயிற்று. முட்டை விலை ஏறியது. அரசாங்கம் உச்ச விலை விதித்ததும், மறு ஆண்டில் இந்தியாவிலிருந்து முட்டை தருவித்ததும் நேயர்கள் அறிந்தவையே. அந்த வேளையிலேதான் எமது மகள் தலைப்பிள்ளையைச் சுமந்திருந்தாள். இரத்தம் போதாது, நாளுக்கு ஒரு முட்டையாவது கொடுங்கள் என்று மருத்துவமாது சொல்லிச் சென்றார்.

ஆகவே, ஆவணி மாதத்தில் இரண்டு மாதத்து நாட்டுக்கோழிக் குஞ்சுகள் மூன்றைப் படகில் கொணர்ந்தோம். ஒன்றைப் பருந்து கொண்டுபோயிற்று. மற்றொன்று ஒரு விடியற்காலையில் கழுத்தை நீட்டிக் கூவித் தான் சேவல் என்பதை அறிவித்துவிட்டது. எஞ்சிய கருநிறப் பெட்டை ஒன்றிலேயே வீட்டின் நம்பிக்கை முழுதும் தங்கியது.

மார்கழி பிறந்தும் முட்டை இல்லை. காற்று மாறிக் கடல் அடங்கியதால் உறவினர் படகேறி மகளைப் பார்க்க வரத் தொடங்கினர். வந்தவர்களுள் ஒருவர் கோழியைக் கையில் தூக்கிப் பார்த்து, “இது மலட்டுக் கோழி, தங்கச்சி. அறுத்து மிளகு போட்டுச் சாறு வைத்துக் கொடுங்கள். பிள்ளைத்தாய்ச்சிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?” என்றார். சொல்லில் நியாயமில்லாமல் இல்லை. சாறு இன்றே கிடைக்கும். முட்டை என்று வரும் என்று எவரும் கூறமுடியாது. ஆனால் சாறு ஒரு நாளைக்கு, முட்டை பல நாளைக்கு. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு வீடு இரண்டுபட்டது.

வழக்கைத் தீர்த்தவர் எமது அன்னையார். அவர் மாதத்தை எண்ணவில்லை. கோழியை மடியில் வைத்து, வாலின் கீழுள்ள இரு எலும்பு முனைகளுக்கும் இடையே விரலை வைத்துப் பார்த்தார். ஒரு விரல் மட்டுமே புகுமாயின் காலம் வரவில்லை. இரண்டு விரல் தாராளமாகப் புகுமாயின் முட்டை அண்மையில் உண்டு. “ஒன்றரை விரல் இருக்கிறது. கொண்டையைப் பாருங்கள், வெளிறல் போய் நிறம் பிடிக்கிறது. கத்தியை உள்ளே வையுங்கள்” என்றார்.

பண்ணைக் கலப்பினக் கோழி பதினெட்டு, இருபது கிழமைகளில் முட்டையிடத் தொடங்கி ஆண்டுக்கு முந்நூறு வரையும் இடும். நாட்டுக்கோழிக்கு ஆறு, ஏழு மாதம் என்பது தாமதமன்று. நமது தேசியப் பறவையாகிய இலங்கைக் காட்டுக்கோழியோ ஒரு தடவைக்கு இரண்டு முதல் நான்கு முட்டையோடு நிறுத்திக்கொள்கின்றது. பறவைக்கு அவ்வளவே போதும். அவசரம் எல்லாம் மனிதனுடையதே.

சும்மா திரிவதாக நாம் எண்ணும் அந்த நாட்களில் விடைக்கோழியின் உடல் சும்மா இருப்பதில்லை. பகலொளி கண்ணால் மாத்திரமன்றி, மண்டையோட்டின் ஊடாகவும் புகுந்து மூளையை எட்டிச் சூலகத்தை விழிப்பிக்கின்றது. குளிர்நாடுகளில் மாரிகாலத்துக் குறும்பகலை ஈடுசெய்யக் கோழிக்கூட்டில் விளக்கேற்றுவது இதனாலேயே. எமது கரையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணி நேரமே. ஆதலால் இங்கு விளக்குக்குப் பெரிதும் வேலையில்லை. முதல் முட்டைக்கு இரண்டு கிழமை முன்னரே கோழி தன் எலும்பின் உட்புறத்தில் சுண்ணாம்பைச் சேமிக்கத் தொடங்குகின்றது. ஒரு முட்டை உருவாக ஒரு நாளுக்குச் சற்று மேலாகும். அதில் ஏறத்தாழ இருபது மணி நேரம் ஓடு ஒன்றுக்கே செலவாகும். தீனியில் சுண்ணாம்பு குறைந்தால் தன் எலும்பைக் கரைத்து ஓடு செய்யும். தாய்மை என்பது எவ்வுயிர்க்கும் இப்படித்தான் போலும்.

சுண்ணாம்புக்கு எமது ஊரில் பஞ்சமா? மட்டியும் சிப்பியும் கரையெங்கும் கிடக்கின்றன. அவற்றைக் கழுவிக் காயவைத்து இடித்து, தவிட்டோடும் மீன் கழிவோடும் வைத்தோம். மூலையில் ஒரு கடகத்தில் வைக்கோல் பரப்பி, முட்டை போன்ற வெண்கல் ஒன்றையும் இட்டோம். கல்லைக் கண்டு கோழி முட்டையிடாது; இடவேண்டிய இடம் எது என்பதைத்தான் கல் காட்டும்.

தை மாதத்து முதற் கிழமையில் கொண்டை செம்பருத்தியாய்ச் சிவந்தது. முதுகில் கை வைத்தால் சிறகை விரித்துப் பதுங்கிற்று. இரண்டு நாள் கேறிக்கொண்டே வீட்டைச் சுற்றியது. கடகத்தை எட்டிப் பார்த்தது, கல்லைக் கொத்திப் பார்த்தது, பிடிக்காமல் போய்விட்டது. மூன்றாம் நாள் முற்பகலில் தாழ்வாரத்திலிருந்து பெருங் கொக்கரிப்பு. பழைய வலைக் குவியலின் நடுவே, புறா முட்டையிலும் சற்றுப் பெரிதாய், ஓட்டில் ஒரு கோடு இரத்தத்தோடு, இளஞ்சூட்டில் கிடந்தது அது. மகள் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அன்னையார் பிடுங்காத குறையாக வாங்கி அவித்துக் கொடுத்தார்.

பின்னர் ஒரு நாள் விட்டு ஒரு நாளாகப் பதினொரு முட்டை கிடைத்தன. மருத்துவமாது சொன்ன கணக்குக்கு அது பாதிதான். மீதியைப் படகு கொணர்ந்தது. பன்னிரண்டாவதை இட்டதும் கோழி எழும்பவில்லை, அடைக்கு உட்கார்ந்துவிட்டது. தண்ணீரில் முக்கி அடை தெளிவித்தால் விரைவில் மீண்டும் இடும் என்று அன்னையார் வாளியோடு வந்தார். மகள் தடுத்தாள்.

“விடுங்கள் அப்பம்மா. இருபத்தொரு நாள்தானே? எனக்கும் அவ்வளவுதான் இருக்கிறது.”

அன்னையார் வாளியைக் கீழே வைத்துவிட்டு, அடைக்கு வைக்க நல்ல முட்டை எவரிடம் உண்டு என்று விசாரிக்க அயல் வீட்டுக்குப் புறப்பட்டார்.