ரசீது இல்லாத மாடி

திருவானைக்காவில் நாங்கள் இருபத்திரண்டு ஆண்டுகள் குடியிருந்த வீட்டை 2024 அக்டோபரில் 62 லட்ச ரூபாய்க்கு விற்றோம். 2002 ஆவணியில் வாங்கியபோது பத்திரச் செலவும் சேர்த்து 8 லட்சம் ஆகியிருந்தது. மீதி 54 லட்சமும் லாபம்தானே என்று உறவினர் ஒருவர் விரல்விட்டு எண்ணிச் சொன்னார். அந்த வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு அந்தக் கழித்தல் அத்தனை எளிதாக வரவில்லை.

வீட்டுக்கு என்னென்ன செலவு செய்தீர்கள் என்று ஆடிட்டர் கேட்டார். பொங்கலுக்குப் பொங்கல் அடித்த வெள்ளை, ஒழுகிய தளத்துக்குப் பூசிய பூச்சு, மாற்றிய மோட்டார், 2012-இல் எழுப்பிய மாடி என எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னோம். அவர் மாடியை மட்டும் எழுதிக்கொண்டார். வீட்டை இருந்தபடியே காப்பாற்றச் செய்தது பராமரிப்பு. அது மூலதன ஆதாயக் கணக்கில் சேராது. புதிதாக ஒன்றைச் சேர்த்தால்தான் மேம்பாடு. சட்டத்தின் பார்வையில், ஒரு வீட்டை வீடாக வைத்திருக்க நாங்கள் பட்ட பாட்டுக்கு மதிப்பில்லை.

2024 ஜூலை 23 முதல் விதி மாறியிருந்தது. பணவீக்கத்துக்கு ஏற்ப அடக்கவிலையை உயர்த்திக்கொண்டு 20 சதவீதம் கட்டுவது பழைய முறை, உயர்த்தாமல் 12.5 சதவீதம் கட்டுவது புதிய முறை. எதிர்ப்பு எழுந்தபின், அந்தத் தேதிக்கு முன் சொத்து வாங்கிய, இந்தியாவில் வசிக்கும் தனிநபர்கள் இரண்டில் குறைவானதைக் கட்டலாம் என்று ஆகஸ்டில் திருத்தினார்கள். வாங்கிய ஆண்டின் குறியீட்டெண் 105, மாடி கட்டிய ஆண்டினுடையது 200, விற்ற ஆண்டினுடையது 363. இரண்டு ஆண்டுகளுக்குள் வேறு வீடு வாங்கியிருந்தால், அன்றைய சட்டத்தின் 54-ஆம் பிரிவின்படி ஆதாயத்துக்கு விலக்குக் கிடைத்திருக்கும். ஆனால் மகள் இருக்கும் ஊரில் வாடகைக்குப் போவது என்று நாங்கள் முன்பே முடிவு செய்திருந்தோம். இந்த வயதில் இன்னொரு வீட்டைப் பராமரிக்கத் தெம்பில்லை.

மாடிக்கு ஆன செலவு 10 லட்சம். சிமென்ட், கம்பி, செங்கல், மரம் என 6 லட்சத்துக்கு ரசீதுகள் தகரப்பெட்டியில் பத்திரமாக இருந்தன. மீதி 4 லட்சம் கூலி. சனிக்கிழமைதோறும் கொத்தனாரின் கையில் கொடுத்து ஒரு நோட்டில் குறித்து வைத்தோம். எங்கள் கையெழுத்தில் இருக்கும் நோட்டு மட்டும் கேள்வி வந்தால் நிற்காது என்றார் ஆடிட்டர். 10 லட்சத்தையும் காட்டினால் பழைய முறையில் வரி ஏறத்தாழ 3.24 லட்சம், 6 லட்சத்தை மட்டும் காட்டினால் 4.69 லட்சம். மேல்வரி தனி.

விஷயம் அறிந்த நண்பர் ஒருவர், பழைய தேதியிட்டு ஒரு ஒப்பந்தக்காரரிடம் ரசீது வாங்கித் தருவதாகச் சொன்னார். ஒன்றரை லட்சம் எங்களுக்குச் சிறிய தொகை அல்ல. இரண்டு இரவுகள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். கொத்தனார் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சித்திரை வெயிலில் ஈரச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அவர் தளம் போட்டதைப் பார்த்தவர்கள் நாங்கள். அந்த மாடியை வேறு யாரோ கட்டியதாக எழுதிக் கையெழுத்திட எங்களுக்குக் கை வரவில்லை. நேர்மை என்று இதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளத் தோன்றவில்லை. பொய்யில் ஓர் ஆளின் பெயர் அழிகிறது என்பது மட்டும் அப்போது தெளிவாகத் தெரிந்தது.

4.69 லட்சத்தை மேல்வரியுடன் கட்டினோம். வீட்டை வாங்கியவர் அதை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுகிறார் என்று கேள்வி. நோட்டு எங்களிடம் இருக்கிறது. அதில் நாற்பத்தொரு சனிக்கிழமைகள் இருக்கின்றன.