கேட்டுவிட வேண்டிய கேள்வி

எப்போதும் முன்வரிசையில் அமரும் நான்காம் படிவ மாணவி. இரண்டு வாரமாகக் கடைசி மேசை. பயிற்சிப் புத்தகம் வரவில்லை. ஆசையாகச் சேர்த்த வண்ணப் பேனாக்களைத் தோழிக்குக் கொடுத்துவிட்டாள்.

ஓய்வு நேரத்தில் தனியே அழைத்தேன். "செத்துப் போயிடலாம்னு தோணுதாம்மா?" என் குரல் நடுங்கியது. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம். அப்படி ஆகாது, கேட்பதே பாரத்தைக் குறைக்கும் என்று எங்கள் ஆலோசக ஆசிரியர் முன்பே சொல்லியிருந்தார்.

அழுதாள். "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க டீச்சர்."

அந்த வாக்கை மட்டும் நான் கொடுக்கவில்லை. "நீ தனியா சொல்ல வேணாம். நான் பக்கத்துல இருப்பேன்" என்றேன். அன்றே ஆலோசகர் அறைக்கு அவள் அம்மாவை வரவழைத்தோம்.

தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆவது சட்டப்பிரிவு மலேசியாவில் 2023இல் நீக்கப்பட்டது. ஆனால், "வெளியே தெரிந்தால் மானம் போகும்" என்ற பயம் வீடுகளில் நீங்கவில்லை.

ஆசிரியர் மருத்துவர் அல்லர்; தினமும் அந்த முகத்தைப் பார்ப்பவர். மாற்றம் தெரிந்தால் கேளுங்கள், ஆலோசகரிடம் சேருங்கள். பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929 என்ற எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம்.

சில வாரம் கழித்து அவள் புத்தகம் வந்தது. பாதிதான் எழுதியிருந்தாள். மகிழ்ச்சியோடு கையொப்பமிட்டேன்.