மித்தி நதிக்கரையில் என் இளமை

“உங்களுக்கு எந்த ஊர்?” என்று கேட்டால், மும்பைத் தமிழர் இல்லங்களில் திருநெல்வேலி என்றும் தூத்துக்குடி என்றும் சேலம் என்றும்தான் விடை வரும். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகளும் அவ்வாறே சொல்லப் பழகியிருக்கிறார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் நம் பெரியவர்கள் ஆற்றங்கரை, தோப்பு, மணல்மேடு என்று தங்கள் இளமையைப் பற்றிப் பேசும்போது, நமக்கு அப்படி ஒன்றும் வாய்க்கவில்லையே என்று இந்நகரத்துச் சிறுவர்கள் ஏங்குவதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களை எண்ணியே இதை எழுதத் துணிந்தேன். பத்தாம் வகுப்பு வரை படித்து, ரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கும் எனக்கு எழுத்துப் பழக்கம் குறைவு. எனினும் தாராவியில் வளர்ந்த எனக்கும் ஒரு சோலை இருந்தது. அதன் ஓரமாக ஒரு நீரோட்டமும் இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

தாராவி எங்கே இருக்கிறது என்பதை மும்பைக்கு வெளியே வாழும் அன்பர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மத்திய ரயில் பாதையில் சயான் நிலையம். மேற்கு ரயில் பாதையில் மாஹிம் நிலையம். இவ்விரண்டுக்கும் நடுவே அடைபட்டுக் கிடப்பது தாராவி. அதன் வடபுறத்தில் மித்தி நதி ஓடுகிறது. மராட்டியர் கழிமுகத்தைக் ‘காடி’ என்பார்கள். கடல்நீர் உள்ளே ஏறி வரும் இடமாகையால் எங்கள் சந்தில் அனைவரும் நதி என்று சொல்லாமல் காடி என்றே சொல்லி வந்தோம். சயானிலிருந்து பாந்திராவுக்குச் செல்லும் இணைப்புச் சாலையைத் தாண்டினால், நதிக்கு முன்னால் மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா இருக்கிறது. சற்றுத் தள்ளி, ‘காலா கிலா’ என்று மக்கள் அழைக்கும் பழைய கற்கோட்டை ஒன்றும் உண்டு. இவ்வளவுதான் எங்கள் ராஜ்யம்.

நான் பிறந்தது 1989ஆம் ஆண்டு. எங்கள் வீடு ஒற்றை அறையும் மேலே ஒரு பரணும் கொண்டது. சந்தில் எதிர் எதிராக இருவர் வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்பி நின்று வழிவிட வேண்டும். ஆகவே, விளையாட்டு என்றால் சாலையைக் கடந்து காடிப்பக்கம் போவதுதான். அங்கே எங்களோடு சேர்ந்தவர்களில் கும்பார்வாடாவில் மண்பாண்டம் செய்யும் குஜராத்திக் குடும்பத்துப் பிள்ளைகள் இருந்தார்கள். மராட்டியப் பிள்ளைகளும், உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். நாம் கிட்டிப்புள் என்பதை மராட்டியர் ‘விட்டி தாண்டு’ என்கிறார்கள். பெயர்தான் வேறு, சண்டை ஒன்றுதான். எந்த மொழியில் சண்டையிட்டோம் என்று இப்போது நினைத்துப் பார்த்தால் எனக்கே விளங்கவில்லை. மூன்று மொழியும் ஒரே வாக்கியத்தில் வந்து விழும்.

ஜனவரியில் நமக்குப் பொங்கல்; அவர்களுக்குச் சங்கராந்தி. அன்று வானம் முழுவதும் காற்றாடி. அறுந்த காற்றாடி பூங்காவின் மரங்களில் போய் மாட்டிக்கொண்டால், அதற்கு மேல் அது மரத்தின் சொத்து. ஏப்ரல், மே மாதங்களில் கிரிக்கெட். ஜூன் பிறந்து மழை பிடித்தால் காகிதக் கப்பல். குடிநீர் கொண்டுசெல்லும் பெருங்குழாய்கள் அப்பக்கத்தில் தரைக்கு மேலே போகின்றன. அவற்றின் மீது கைகளை விரித்து விழாமல் நடந்து முடிப்பவன் அன்றைய வீரன்.

இனி அந்தப் பூங்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் பரப்பு 37 ஏக்கர். 1970களில் அது நகரத்தின் குப்பைமேடு. குப்பை கொட்டுவதை நிறுத்தி, அதன் மேல் மண் பரப்பி, 1980களில் கன்றுகள் நட்டார்கள். 1994இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அப்போது எனக்கு ஐந்து வயது. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படிக்கும்போது ஆசிரியை எங்களை இருவர் இருவராகக் கைகோக்கச் செய்து அங்கே அழைத்துச் சென்றார். வாசலைக் கடந்து பத்தடி நடந்ததும் சாலையின் இரைச்சல் மெல்லக் குறைந்தது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. வேம்பும் புங்கும் நிழல் பரப்பி நின்றன. எருக்கஞ்செடியில் வண்ணத்துப்பூச்சிப் புழு ஒன்று இலையைத் தின்றுகொண்டிருந்தது. கரிச்சான் குருவியை நான் முதன்முதல் கண்டதும் அங்கேதான்.

எங்கள் சந்தில் ஒரு பெரியம்மா இருந்தார். உறவு ஒன்றும் இல்லை. சந்துக்கே அவர் பெரியம்மா. வாலிபத்தில் அந்தக் குப்பைமேட்டில் தகரமும் கண்ணாடியும் பொறுக்கி விற்றுத் தம் பிள்ளைகளைக் காப்பாற்றியவர். அங்கே காடு முளைத்திருக்கிறது என்று நாங்கள் சொன்னால் நம்பமாட்டார். “புகையும் நாத்தமும் தாம்ல அங்க உண்டு. மரம் எப்படிப் பிடிக்கும்?” என்பார். ஒருநாள் நாங்கள் நால்வர் சேர்ந்து அவரை வற்புறுத்தி அழைத்துச் சென்றோம். அவர் எதுவும் பேசாமல் நடந்தார். ஒரு மரத்தடியில் குனிந்து மண்ணைக் கிளறினார். கருமண்ணுக்கு இடையே ஒரு கண்ணாடித் துண்டு வந்தது. அதை எடுத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் அதே குழியில் வைத்து மண்ணை மூடினார். “இருக்கட்டும், மரத்துக்கு ஆகும்” என்றார். கண்ணாடி மரத்துக்கு ஆகாது என்று அறிவியல் பாடம் சொல்ல எங்களில் எவனுக்கும் வாய் வரவில்லை.

பூங்காவின் கதை இப்படி என்றால், அதை ஒட்டி ஓடும் நதியின் கதை நேர்மாறானது. மித்தி என்றால் இனிப்பு என்று பொருள். நகரத்தின் வடபாகத்தில் இருக்கும் விஹார் ஏரியும் பவாய் ஏரியும் நிரம்பி வழியும் நீரே இந்நதி. 1860இல் கட்டி முடிக்கப்பட்ட விஹார் ஏரியிலிருந்துதான் முதன்முதல் பம்பாய் நகருக்குக் குழாய் மூலம் தண்ணீர் வந்தது. அத்தகைய நன்னீரில் பிறந்த நதி, சுமார் 18 கிலோமீட்டர் ஓடி மாஹிமில் கடல் சேர்வதற்குள், வழியில் உள்ள பட்டறைகளின் கழிவையும் குடியிருப்புகளின் சாக்கடையையும் சுமந்துகொண்டு கறுத்துப் போகிறது. ஒரே நகரத்து மனிதர்கள் குப்பையைச் சோலையாக்கினார்கள், நதியைச் சாக்கடையாக்கினார்கள்.

ஆயினும் சிறுவர்களான எங்களுக்கு அதில் பார்ப்பதற்கு எவ்வளவோ இருந்தது. நாளுக்கு இருமுறை கடல் ஏறும், இருமுறை வற்றும். வற்றிய வேளையில் சேற்றிலிருந்து அலையாத்தி மரங்களின் மூச்சு வேர்கள் பென்சில் நட்டது போல் ஆயிரக்கணக்கில் நிமிர்ந்து நிற்கும். சேற்றில் துள்ளும் மீன்கள் உண்டு, நண்டு உண்டு, வெண்கொக்குகள் ஒற்றைக்காலில் காத்திருக்கும். இவ்வளவு அழுக்கிலும் இத்தனை உயிர்கள் பிழைத்திருப்பது அப்போது எங்களுக்கு ஆச்சரியமாகத் தோன்றவில்லை. நாங்களும் அங்கேதானே பிழைத்திருந்தோம்!

என் தந்தையார் தாமிரபரணியில் நீந்தி வளர்ந்தவர். காடிப்பக்கம் வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வார். “இதைப் போயி ஆறுங்கானுவளே!” என்று நகைப்பார். குறுக்குத்துறைப் படித்துறையையும் அங்கே தண்ணீருக்கு நடுவே நிற்கும் முருகன் கோயிலையும் பற்றி அவர் சொல்லக் கேட்கும்போது, நான் வாய் பேசாமல் இருந்துவிடுவேன்.

2005ஆம் ஆண்டு ஜூலை 26, செவ்வாய்க்கிழமை. அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. கடலின் ஏற்றமும் அதே வேளையில் சேர்ந்துகொண்டது. ஏரிகளிலிருந்து வரும் வெள்ளம் கடலுக்குள் இறங்க வழியில்லை. கரைகளைத் தூர்த்துக் கட்டடங்கள் எழுப்பி, அலையாத்திக் காட்டை வெட்டி, நதியை ஏற்கெனவே ஒடுக்கி வைத்திருந்தார்கள். வெள்ளம் நகரத்துக்குள் புகுந்தது. புறநகர் ரயில்கள் நின்றன. தண்டவாளத்தின் வழியே மக்கள் கூட்டம் கூட்டமாக நடந்து வந்தார்கள். எங்கள் வீட்டில் இடுப்பளவு நீர். அரிசிப் பானையையும் ரேஷன் அட்டையையும் என் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு ஐவரும் பரணில் அமர்ந்து இரவைக் கழித்தோம். அந்த மழையில் மாநகரில் நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள்.

மறுநாள் மழை சற்று ஓய்ந்ததும் தந்தையாரும் நானும் காடியைப் பார்க்கச் சென்றோம். கரை தெரியாமல், பழுப்பு நிறத்தில் சுழித்துக்கொண்டு, முறிந்த மரங்களையும் பீப்பாய்களையும் இழுத்துச் சென்றது வெள்ளம். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த தந்தையார், “ஆறுதாம்லே இது” என்றார். அதன்பின் அவர் ஒருநாளும் அதைக் குறைத்துப் பேசியதில்லை.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதமே மித்தி நதிக்கென்று அரசு தனி ஆணையம் ஒன்றை அமைத்தது. பல இடங்களில் நதியை அகலப்படுத்தினார்கள், ஆழப்படுத்தினார்கள், கரைச்சுவர் எழுப்பினார்கள். ஆனால் நீர் இன்னும் தெளியவில்லை. வேலைக்குச் செல்லும்போது மாஹிமுக்கும் பாந்திராவுக்கும் நடுவே ரயில் அதைக் கடக்கிறது. சாளரத்தருகே இருப்பவர்கள் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொள்கிறார்கள். பாலத்தைத் தாண்டுவது சில விநாடிதான். அதற்குள் நான் ஏற்றமா வற்றா என்று பார்த்துக்கொள்வேன். அலையாத்தியின் பச்சை கண்ணில் பட்டால் அன்றைக்கு அது போதும்.

தாராவியை அடியோடு மாற்றியமைக்கும் பணி இப்போது தொடங்கியிருக்கிறது. எங்கள் சந்து இருக்குமோ, நாங்கள் அங்கேயே இருப்போமோ, எனக்குத் தெரியாது. ஓர் அறைக்குப் பதில் இரண்டு அறை வேண்டும் என்று நம்மவர் கேட்பது நியாயமே. அத்துடன் இந்தச் சோலையும் இந்தக் கரையும் குறையாமல் இருக்க வேண்டும் என்றும் நாம் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன்னால் அவற்றை நம் பிள்ளைகள் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் அல்லவா?

ஆகையால் மும்பையில் வாழும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறை நாளொன்றில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு முதலில் பவாய் ஏரிக்கரைக்குச் செல்லுங்கள். மற்றொரு நாள் தாராவிப் பூங்காவுக்கு வாருங்கள். அங்கே பிறக்கும் நீர்தான் இங்கே வருகிறது என்று சொல்லுங்கள். மரத்தடி மண்ணைக் காட்டி, கீழே இருப்பது என்னவென்றும் சொல்லுங்கள். வேறு நகரங்களில் வாழ்பவர்களுக்கும் பக்கத்தில் ஓர் ஓடையாவது இருக்கும். அதன் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பிள்ளைகளுக்குச் சொல்லலாம். தாமிரபரணியின் கதையையும் கூடவே சொல்லுங்கள். இரண்டு நதிகள் உடையவர்களாக நம் பிள்ளைகள் வளரட்டும்.